கல்லின் விலை: மன்னார்ச் சலாபத்திற் குளியாளரின் செலவும் வரவும்

ஒரு தொழிலைக் கற்றவன், அத்தொழிலைச் செய்யும் உரிமையைப் பெறுதற்கு எவ்வளவு கொடுக்கவேண்டும், கொடுத்த பின் அவன் கைக்கு எவ்வளவு வரும் என்னும் வினா இக்காலத்துத் தொழில்நுட்பக் கல்லூரி வாயிலில் நிற்கும் இளைஞர்க்கு மட்டும் உரியதன்று. பயிற்சிக் கட்டணம், பயிலுங் காலத்தில் இழக்கும் கூலி, சான்றிதழ் பெற்றபின் கிடைக்கும் ஊதியம் ஆகிய மூன்றையும் இன்று அவர்கள் எடைபோட்டுப் பார்க்கின்றனர். பள்ளிக்கூடமோ சான்றிதழோ இல்லாத காலத்திலே, மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்னும் கரையூர்களில் கூடிய முத்துக் குளியாளரும் இதே கணக்கைப் பார்த்தனர். அவர்கள் பெற்ற உரிமைக்கு வழங்கிய பெயர் ‘கல்’ என்பதாகும்.

கல் என்பது முதலில் ஒரு கருவி. முப்பது, நாற்பது இறாத்தல் நிறையுள்ளதாய், அடி பருத்து நுனி சிறுத்ததாய்ச் செதுக்கிய கருங்கல்லிலே கயிறு கோத்திருப்பர். குளியாள் அதன்மேல் ஒரு காலை ஊன்றி, மூச்சை இழுத்து அடக்கி, கயிற்றை விட்டவுடன் கல்லின் பாரமே அவனை ஐந்து முதற் பத்துப் பாகம் வரை ஆழமுள்ள கடலடிக்குக் கொண்டுசெல்லும். அடியைத் தொட்டதும் அவன் கல்லை விட்டுவிடுவான். மேலே தோணியில் நிற்பவன் அதனை இழுத்துக்கொள்வான். குளியாள் கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையிலே வாரி, மூச்சு முட்டுமுன் கயிற்றை அசைக்கக் கூடையும் ஆளும் மேலே இழுக்கப்படும். ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் இவ்வளவும் நடந்து முடியும். ஒரு தோணிக்கு ஐந்து கற்கள். ஒரு கல்லுக்கு மாறிமாறி இறங்கும் இருவர். ஆகவே குளியாளர் பதின்மர். கயிறு பிடிப்போரும் தோணி வலிப்போருமாக வேறு பதின்மூவரும், அவர்கட்கெல்லாம் மேலே தண்டையலும் இருந்தனர் என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சலாபத்தை நேரிற் கண்டெழுதியோர் தரும் கணக்கு. இரவிலே கரைக்காற்றுப் பிடித்துப் புறப்பட்டு, விடியலிற் பாரை அடைந்து, நண்பகல் வரை குளித்து, கடற்காற்றோடு கரைக்குத் திரும்புவது வழக்கம்.

கருவியாயிருந்த கல் எவ்வாறு உரிமையாயிற்று என்பதே இங்கு ஆராயத்தக்கது. அதற்கு முந்திய காலத்தில் ஆட்சியாளர் முறை வேறாயிருந்தது. கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்புளூசு என்னும் கிரேக்கக் கடற்செலவு நூல், பாண்டியர்க்குரிய கொற்கைத் துறையிலே தண்டனை பெற்றோரைக் கொண்டு முத்துக் குளிப்பித்ததாகக் கூறுகின்றது. அங்கே செலவும் வரவும் பேசுதற்கு இடமில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ காட்டுவது வணிகர் கூட்டம் ஒன்று. அவர்கள் குளியாளரைக் கூலிக்கு அமர்த்தி, அரசனுக்குப் பத்திலொரு பங்கும், சுறாக்களை மந்திரத்தாற் கட்டுவோருக்கு இருபதிலொரு பங்கும் கொடுத்தனர். 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பட்டூட்டா, ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையில் முத்துக்கள் தரம் பிரிக்கப்பட்டதைக் கண்டார். இவை யாவற்றிலும் குளியாள் கூலியாளாகவோ அடிமையாகவோ தோன்றுகின்றான். உரிமை பெற்றவனாகத் தோன்றவில்லை.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்து, முத்துக்குளித்துறைப் பரவர் பலரை அங்கே குடியேற்றினர். 1658இல் அத்தீவு ஒல்லாந்தர் வசமாயிற்று. ஒல்லாந்தர் ஆட்சியிலே கல் என்பது வரிக்கணக்கின் அலகாக நிலைபெற்றிருந்தது. எத்தனை தோணி, எத்தனை ஆள் என்று எண்ணுவதை விடுத்து, எத்தனை கல் கடலில் இறங்குகின்றது என எண்ணி, ஒவ்வொரு கல்லுக்கும் இவ்வளவு பணம் எனக் கம்பனியார் அறவிட்டனர். கிறித்தவக் குளியாள் குறைவாகவும் முஸ்லிம் குளியாள் கூடுதலாகவும் கொடுக்கவேண்டும் என விதித்திருந்தனர். ஒரே கடல், ஒரே ஆழம், ஒரே மூச்சு. ஆயினும் உரிமையின் விலை ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

வரியில்லாக் கற்களும் இருந்தன. 1708ஆம் ஆண்டுக் குளிப்பிலே மதுரை நாயக்கர்க்கு 96½ கல்லும், சேதுபதிக்கு 60 கல்லும் இலவசமாக விடப்பட்டன. பரவர் தலைவராகிய பட்டங்கட்டிமாரும் அவ்வாறே இலவசக் கற்கள் பெற்றனர். நாயக்கருடைய கற்களிற் பெரும்பாலானவற்றில் இறங்கியோர் முஸ்லிம் குளியாளர். மதுரை அரண்மனையிலிருந்து எவரும் கடலடிக்குச் சென்றாரல்லர். அரைக் கல் என்பது கடலில் இறங்கக்கூடிய பொருளன்று. கணக்கேட்டிலே மட்டும் அது மிதந்தது. அந்த அரைக் கல்லே இம்முறையின் இயல்பை நன்கு விளக்குகின்றது. கல் என்ற உரிமை குளிக்கத் தெரிந்தவனுக்கு அவன் திறமையை நோக்கி வழங்கப்பட்ட சான்றன்று. அவன் யாருடைய ஆள் என்பதைக் காட்டும் சீட்டாகும். வரி விலக்கின் பயன் கல்லை உடையவர்க்கு உரியது. கல்லின்மேல் நின்றவனுக்கு அதில் எவ்வளவு கசிந்தது என்பது அவனுக்கும் அவன் தலைவனுக்கும் இடையிலான உடன்பாட்டைப் பொறுத்தது.

இனி, கல்வரி குளியாளுக்கு நட்டமா, இலாபமா? வரி முன்னரே விதிக்கப்பட்ட நிலையான தொகை. சிப்பி மிகுதியாயும் முத்து நிறைந்தும் கிடைத்த ஆண்டில் வரி போக எஞ்சியதெல்லாம் தோணியாரைச் சேர்ந்தது. பார் வறண்ட ஆண்டிலும் அதே வரி. ஆகவே நட்டத்தின் முழுப் பாரமும் கடலில் இறங்குபவன் பக்கமே சாய்ந்தது. நிலையான செலவும் நிலையற்ற வரவும் உள்ள தொழிலிலே, கையிருப்பு உள்ளவனே தாக்குப்பிடிப்பான். கையிருப்பு இல்லாதவன் சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கியே கரைக்கு வருவான்.

கம்பனியாரும் தம் பக்கத்துக் கணக்கைப் பார்த்தனர். 1736 முதல் 1740 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த வான் இம்மோவ், பதவியிலிருந்து விலகுங்காலத்துத் தம் பின்னவர்க்கு எழுதிய நினைவுக் குறிப்பிலே, முத்துக் குளிப்பு கண்ணுக்குக் காட்டும் பளபளப்பு கைக்குக் கிடைக்கும் பொன்னினும் பெரிதென்ற கருத்துப்பட எழுதினார். காவற் கப்பல்கள், படைவீரர், கரையிற் பந்தல், மேற்பார்வையாளர் என்று செலவு விரிந்தமையும், குளிப்பில்லாத ஆண்டுகள் நீண்டமையும் அவரை அவ்வாறு எண்ணச் செய்தன. நாடெங்கும் செல்வச் சின்னமாகப் பேசப்பட்ட ஒன்றை வரவு செலவுத் தராசில் இட்டுப் பார்த்த துணிவு பாராட்டத்தக்கது. ஆனால் அவருடைய தராசிலே குளியாளின் தட்டு வைக்கப்படவில்லை. அதன்பின் 1740களின் பிற்பகுதியிற் குளிப்பைக் குத்தகைக்கு விடும் முறை வந்தது. நட்டம் வருமாயின் அது குத்தகைக்காரனுடையது என்பது கம்பனியார்க்கு ஆறுதல்.

1796இல் ஆங்கிலேயர் இத்துறைகளைப் பெற்றபோது, ஒல்லாந்தர்க்கும் ஆற்காட்டு நவாபுக்கும் இடையே நிகழ்ந்த பிணக்கினால் 1768 முதற் குளிப்பு நடவாதிருந்தது. நீண்டகாலம் தொடப்படாத பார்கள் முதல் மூன்று ஆண்டுகளில் வாரி வழங்கின. முதலாவது ஆங்கிலத் தேசாதிபதியாகிய பிரடெரிக் நோர்த் அரிப்பிலே கடலை நோக்கிய பெருமாளிகையொன்றை 1801க்கும் 1804க்கும் இடையில் எழுப்பினார். முத்து வருவாய் எத்துணை நம்பிக்கை ஊட்டியது என்பதற்கு அக்கட்டடமே சான்று.

ஆங்கிலேயரும் குத்தகை முறையையே தொடர்ந்தனர். உரிமையின் விலை கரையிலே எவ்வாறு ஏறியது என்பதை அறிய 1804ஆம் ஆண்டுக் குத்தகையை விரித்து நோக்குதல் வேண்டும். அவ்வாண்டு குளிப்பை எடுத்தவர் யாழ்ப்பாணத்தவர் ஒருவர். 150 தோணிகளைக் கொண்டு 30 நாட்கள் குளிப்பித்தற்கு அவர் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 300,000 பறங்கிப்பேட்டை வராகன், அஃதாவது 120,000 பவுன். பகுத்துப் பார்ப்பின் தோணியொன்றுக்கு 2,000 வராகன் ஆகின்றது. அவரோ நல்ல தோணிகள் சிலவற்றின் உரிமையை 3,000 வராகனுக்கும் வேறு சிலவற்றை 2,500 வராகனுக்கும் விற்று, எஞ்சியவற்றைத் தம் கணக்கில் வைத்துக்கொண்டார். அரசிடமிருந்து குத்தகைக்காரன், குத்தகைக்காரனிடமிருந்து தோணியுரிமை வாங்கியவன் என உரிமை ஒரு கை மாறியதற்குள் விலை ஒன்றரை மடங்காயிற்று. 3,000 வராகனை ஐந்து கல்லுக்குப் பங்கிட்டால் ஒரு கல்லுக்கு 600. கல்லுக்கு இருவராதலின் ஆளொன்றுக்கு 300. முப்பது நாட் குளிப்புக்கு, ஒரு குளியாளின் மூச்சின்மேல் ஏற்றப்பட்ட சுமை இவ்வளவு. அதனை மீட்டபின்பே எவர்க்கும் இலாபம்.

குளியாளுக்கு அக்காலத்தில் இரு வழிகள் இருந்தன. ஒன்று, நாள்தோறும் பணமாகக் கூலி பெறுதல். மற்றது, சிப்பியிற் பங்கு பெற்று அதனைத் தானே திறந்து பார்த்தல். பெரும்பாலோர் சிப்பியையே விரும்பினர் என்று கண்டோர் எழுதியுள்ளனர். இதனைச் சூதாட்ட ஆசை என்று இகழ்ந்துவிடுதல் எளிது. ஆனால் தோணியுரிமைக்கு அவ்வளவு கொட்டிக் கொடுத்தவன், நாட்கூலியைத் தாராளமாகக் கொடுப்பான் என எதிர்பார்க்க இயலுமா? கூலி எப்போதும் வயிற்றளவே. வாழ்க்கையின் போக்கை மாற்றக்கூடியது ஒரு நல்ல முத்து மட்டுமே. கடன்பட்டவன் பங்கைத் தேர்ந்தான் என்பதில் ஒரு தெளிந்த கணக்கும் உண்டு.

இத்தொழிலின் செலவிலே பணத்தால் அளக்கப்படாத பகுதியும் உண்டு. நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முறை இறங்கி ஏறியவரிற் சிலர்க்குக் காதிலும் மூக்கிலும் குருதி வடிந்தது. சுறாப் பயம் வேறு. அப்பயத்தைத் தணித்தற்குக் ‘கடல்கட்டி’ எனப்பட்ட மந்திரக்காரர் கரையிலிருந்து ஓதினாலன்றிக் குளியாளர் கடலில் இறங்கார். எனவே ஆங்கில அரசாங்கமும் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்பதவியிலிருந்த குடும்பத்தின் தலைவர் உரோமன் கத்தோலிக்கர் என்பதை எமர்சன் தெனன்ற் சுவையோடு குறிப்பிடுகின்றார். அரசாங்கம் மந்திரத்தை நம்பியதா என்பது வேறு. குளியாளர் நம்பினர் என்பதே அதற்குப் போதுமான காரணமாயிற்று.

கடுமையான செலவு ஒன்றுளது, அது காலம். மன்னார்ப் பார்களிற் சிப்பி எல்லா ஆண்டும் விளைவதில்லை. 1838 முதல் 1854 வரை குளிப்பு இல்லை. 1837இல் இருபது வயதினனாயிருந்த குளியாள், அடுத்த குளிப்பு நடந்த 1855இல் முப்பத்தெட்டு வயதினன். மூச்சடக்கும் ஆற்றலுக்குரிய சிறந்த ஆண்டுகள் அனைத்தும் இடையிற் கழிந்தன. மறுபடியும் 1892 முதல் 1902 வரை இல்லை. சிறுவயதிலே தந்தையோடும் மாமனோடும் கடலுக்குச் சென்று கற்ற வித்தை; அதற்குக் கட்டணமில்லை; ஆனால் அதனைப் பயன்படுத்தும் வாய்ப்பு ஒருவன் வாழ்நாளில் ஒரு சிலமுறையே வாய்த்தது.

ஆங்கிலேயர் காலப்போக்கிற் குத்தகையை விடுத்துப் பங்கு முறைக்கு வந்தனர். கொண்டுவந்த சிப்பியையெல்லாம் ‘கொட்டு’ எனப்பட்ட வேலியடைப்பிற் குவித்துப் பங்கிட்டனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் காற்பங்கும் பின்னர் மூன்றிலொரு பங்கும் குளியாளர்க்குக் கிடைத்தன. எஞ்சியதை அரசாங்கம் ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விற்றது. குளியாள் முன்பணமாக அரசுக்கு எதுவும் கட்டவேண்டியதில்லை. சிப்பி இல்லையேல் இருவர்க்கும் இல்லை. இவ்வகையில் இது கல்வரியினும் இரக்கமுள்ளது. ஆனால் நல்ல ஆண்டில் இதன் விலை என்ன?

அதனைக் காட்டுவது 1905ஆம் ஆண்டு. மறிச்சுக்கட்டியிலே ஒரே பருவத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த நகரமொன்று ஓலையாலும் மரத்தாலும் எழுந்தது. கீழக்கரை முஸ்லிம்களும், தூத்துக்குடிப் பரவரும், யாழ்ப்பாணத்தவரும், மன்னார்த் தீவினரும், பாரசீகக் குடாவிலிருந்து கப்பலேறி வந்த அரபியரும் அங்கே கூடினர். முந்நூற்றுக்கு மேற்பட்ட தோணிகள். ஏறத்தாழ 5,000 குளியாளர். எடுத்த சிப்பி 8 கோடிக்கு மேல். அரசாங்கத்துக்கு வந்த பணம் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. இத்தொகை மூன்றிலிரண்டு பங்குச் சிப்பிக்குரியது; எனவே ஆயிரஞ் சிப்பியின் சராசரி விலை 46 ரூபா வரை ஆகின்றது. அதே விலையில் மதித்தால் குளியாளர் பங்கின் பெறுமதி பன்னிரண்டரை இலட்சம். தலைக்கு 250 ரூபா. இதிலிருந்தே கயிறு பிடித்தவனுக்கும் தோணிக்காரனுக்கும் கொடுக்கவேண்டும். இரண்டு மாதத்துள் ஈட்டிய தொகை என்ற வகையில் அக்காலக் கூலிகளோடு ஒப்பிட இது பெரிதே. ஆயினும் ஒவ்வொரு குளியாளும் தனக்கு 250 ரூபா தேடிய அதே மூச்சில் அரசாங்கத்துக்கு 500 ரூபா தேடிக் கொடுத்தான். கல்வரிக் காலத்தில் இத்தகைய ஆண்டொன்று வாய்த்திருப்பின் அவன் நிலை வேறாயிருந்திருக்கும். 1838க்கும் 1854க்கும் இடைப்பட்ட ஆண்டுகளிலோ பங்கு முறையிற் கடனாயினும் மிஞ்சாது. நல்ல ஆண்டுக்குக் கல்லும் தீய ஆண்டுக்குப் பங்கும் நன்று. எந்த ஆண்டு எதுவாகும் என்பதை அறியும் வழிதான் குளியாளிடம் இல்லை.

அறியலாம் என்று எண்ணியோரும் இருந்தனர். 1902இல் இலிவர்ப்பூல் பேராசிரியர் ஏட்மன் இப்பார்களை ஆராய வந்தார். அவருடன் வந்த ஜேம்சு ஓர்னெல் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். பெரியபார் போன்ற இடங்களில் இளஞ்சிப்பி கோடிக்கணக்கிற் படிந்தும், பருவக்காற்றின் நீரோட்டம் அவற்றை மீண்டும் மீண்டும் வாரிக்கொண்டு போவதை அவர்கள் விளக்கினர். இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றி வளர்த்தால் ஆண்டுதோறும் அறுவடை செய்யலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்நம்பிக்கையின்மேல் 1906இல் இலண்டனில் அமைந்த முத்துக் குளிப்புக் கம்பனியொன்று, ஆண்டுக்கு 310,000 ரூபா வாடகையில் இருபது ஆண்டுக்கு இப்பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1905இன் வருவாயோடு ஒப்பிட்டு, அரசாங்கம் பொன்முட்டையிடும் வாத்தை மலிவாக விற்றுவிட்டதெனக் கொழும்பிற் கண்டனம் எழுந்தது. 1907க்குப் பின் சிப்பி வரவில்லை. வாடகையோ ஆண்டுதோறும் வந்துகொண்டேயிருந்தது. 1912இற் கம்பனி கலைக்கப்பட்டது. கல்வரி கட்டிய ஏழைக் குளியாள் இருநூறு ஆண்டுகளுக்கு முன் பட்டதையே, விஞ்ஞானிகளையும் நீராவிக் கப்பலையும் உடைய கம்பனியும் பட்டது. வேற்றுமை யாதெனில், கம்பனியைச் சட்டப்படி கலைத்துவிடலாம்; குளியாளின் கடனை அவ்வாறு கலைத்தல் அரிது.

கடன் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குப் பாரசீகக் குடாவே சான்று. அங்கே குளியாள் பருவந்தோறும் கப்பற்றலைவனிடம் முன்பணம் பெறுவான். அது தீராக் கடனாகித் தந்தைக்குப் பின் மகனையும் கடலில் இறக்கியது. 1920களில் பகிரெயின் ஆட்சியாளர் குளியாள் ஒவ்வொருவனுக்கும் தனிக் கணக்குப் புத்தகம் இருக்கவேண்டுமெனச் சட்டஞ்செய்தனர். தான் எவ்வளவு பட்டான், எவ்வளவு ஈட்டினான் என்பதை எழுத்திற் காணும் உரிமை அப்போதுதான் அவனுக்கு வந்தது. அதற்குள் யப்பானில் மிக்கிமோட்டோ முதலியோர் வளர்த்த முத்துக்கள் சந்தையை நிரப்பின. 1930களிற் கடல்முத்தின் விலை சரிந்தது. மன்னாரிலோ 1907க்குப் பின் 1925இலேதான் ஒரு குளிப்பு நடந்தது. பழைய பெருமை அதற்கில்லை.

முத்துக் குளிப்பில்லாத அந்நீண்ட ஆண்டுகளில் இவ்வித்தை அழியாதிருந்தது எங்ஙனம்? சங்கினால். வங்காளத்து மகளிர் அணியும் வளைக்காக மன்னார்க் கடலிலும் யாழ்ப்பாணக் கடலிலும் சங்கு குளித்தல் இடையறாது நடந்தது. 1890இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, உரிமச் சீட்டு இன்றிச் சங்கு எடுத்தல் தடுக்கப்பட்டது. சங்கு ஒன்றின் விலை சிறிது. அதனுள் அரசர் முடிக்குரிய முத்து எதுவும் ஒளிந்திருப்பதில்லை. திறந்து பார்த்து ஏமாறுதற்கும் இடமில்லை. எண்ணிக் கொடுத்து எண்ணிப் பணம் பெறலாம். சீட்டுக்குக் கொடுத்ததையும் சங்குக்குப் பெற்றதையும் பருவ முடிவிற் குளியாளன் தன் விரல்களாலேயே கணக்கிட முடிந்தது. 1904இலும் 1905இலும் மறிச்சுக்கட்டிக்குத் தமிழ்க் கரையிலிருந்து வந்த குளியாளரிற் பலர், இடைப்பட்ட பதினொரு ஆண்டுகளிற் சங்கு குளித்தே மூச்சைப் பழக்கி வைத்திருந்தனர்.